சாம்பாரை எடைபோட்ட நாளும் அதற்கப்புறம் 14 வாரமும்

முதல் முறை எடை குறைத்தபோது 84 கிலோவிலிருந்து 78-க்கு ஒன்பது வாரத்தில் வந்துவிட்டேன். பார்க்கிறவர்கள் எல்லாம் "நல்லா இளைச்சுட்டீங்க" என்றார்கள். ஜிம்மில் மட்டும் வேறு மாதிரி இருந்தது. 80 கிலோ டெட்லிஃப்டை (தரையில் இருக்கும் எடையைத் தூக்கி நிமிர்வது) ஐந்து முறை தூக்கிக்கொண்டிருந்தவனுக்கு, 65 கிலோவே நாலாவது முறையில் முழங்காலைத் தாண்ட மறுத்தது. இடுப்புச் சுற்றளவு 98 சென்டிமீட்டரிலிருந்து 96 ஆகியிருந்தது. ஆறு கிலோ போனதற்கு இடுப்பில் இரண்டே சென்டிமீட்டர்.

டிரெய்னர் தம்பி என் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணா, கொழுப்போட சேர்ந்து மசிலும் போகுது. ஒரு நாளைக்கு எவ்வளவு புரோட்டீன் சாப்பிடறீங்க?" என்று கேட்டார்.

"மத்தியானம் சாம்பார், சாயங்காலம் கொஞ்சம் நிலக்கடலை, ராத்திரி சப்பாத்திக்குக் குருமா."

"கிராம்ல சொல்லுங்கண்ணா."

என்னால் சொல்ல முடியவில்லை. அன்றைக்கே ஈரோடு கடைவீதியில் ஒரு சமையல் தராசு வாங்கினேன். ஐந்து கிலோ வரை நிறுக்கும், ஒரு கிராம் துல்லியம். இந்தப் பதிவில் வரும் பாதிக் கணக்கு அந்தத் தராசின் மேல் நடந்ததுதான்.

மறுநாள் ஞாயிறு. அம்மா சாம்பாருக்குத் துவரம்பருப்பு அள்ளும்போதே கிண்ணத்தைத் தராசில் வைக்கச் சொன்னேன். நாலு பேருக்கு 120 கிராம். காலிக் குண்டா 640 கிராம். சாம்பார் இறக்கியதும் அதே குண்டா 2,260 காட்டியது. அப்படியானால் சாம்பார் 1,620 கிராம். துவரம்பருப்பில் 100 கிராமுக்குச் சுமார் 22 கிராம் புரதம், ஆக மொத்தக் குண்டாவிலும் 26 கிராம். எங்கள் வீட்டுக் கரண்டியில் ஒரு கரண்டி சாம்பார் 90 கிராம் பிடிக்கிறது. அதில் புரதம் ஒன்றரை கிராம் கூட இல்லை. இரண்டு கரண்டி ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, மத்தியானப் புரதம் ஆகிவிட்டது என்று இத்தனை வருஷமாக நினைத்திருக்கிறேன். கிடைத்தது 3 கிராம்.

அன்றிரவு, டயட் என்ற பெயரில் ஒன்பது வாரம் என்ன சாப்பிட்டேன் என்று உட்கார்ந்து கணக்குப் போட்டேன். காலையில் ராகிக் கஞ்சியும் மோரும் 4 கிராம். மத்தியானம் குறைந்த சோறு, சாம்பார், பீன்ஸ் பொரியல், மோர், எல்லாம் சேர்ந்து 12 அல்லது 13. இரண்டு டீயின் பாலில் 6. ஒரு கைப்பிடி நிலக்கடலையில் 5. இரவு இரண்டு சப்பாத்தியும் குருமாவும் 9 அல்லது 10. மொத்தம் 37 கிராம் சொச்சம். 78 கிலோ உடம்புக்கு, கிலோவுக்கு அரை கிராம்கூட வரவில்லை.

ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-ல் வெளியிட்ட பரிந்துரை, ஆரோக்கியமான பெரியவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம். என் எடைக்கு 65 கிராம். நான் அதையே தொடவில்லை. அந்த 0.83-உம், எடை மாறாமல் வழக்கம்போல் சாப்பிட்டு வாழ்கிறவருக்குப் பற்றாக்குறை வராமல் இருக்கும் அளவு. சாப்பாட்டைக் குறைத்து, கூடவே எடையும் தூக்குகிறவனின் கணக்கு அதற்கு மேலே போகிறது.

இது ஏன் என்று புரிந்துகொண்டதுதான் எனக்கு மிகவும் உதவியது. உடம்பு தசைப் புரதத்தை நாள் முழுக்க உடைத்துக்கொண்டும் திரும்பக் கட்டிக்கொண்டும் இருக்கிறது. வயிறார சாப்பிடும்போது வரவும் செலவும் சரியாகிவிடும். சாப்பாடு குறையும்போது உடம்பு, எரிபொருளுக்காக, புரதத்தின் துண்டுகளான அமினோ அமிலங்களையும் கொஞ்சம் எடுத்துச் செலவழிக்கிறது. கொழுப்பைச் சேர்த்துவைக்க உடம்பில் தனி இடம் உண்டு. புரதத்துக்கு அப்படி ஒரு கிடங்கு இல்லை, தசைதான் அதற்குக் கையிருப்பு. வெளியிலிருந்து போதுமான அளவு வராவிட்டால் அங்கிருந்துதான் எடுக்கும். எடை தூக்குவது "இந்தத் தசை வேலையில் இருக்கிறது" என்று உடம்புக்குச் சொல்கிறது. புரதம் அதைக் காப்பாற்றப் பொருள் கொடுக்கிறது. இரண்டில் ஒன்று மட்டும் இருந்தால் பாதிப் பலன்தான் என்பதை அந்த ஒன்பது வாரத்தில் என் உடம்பிலேயே பார்த்துவிட்டேன்.

சரி, எவ்வளவு வேண்டும்? எடைப்பயிற்சி செய்தவர்களிடம் நடந்த 49 ஆய்வுகளை, மொத்தம் 1,863 பேரை, சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பாய்வு 2018-ல் வந்தது. கிலோவுக்குச் சுமார் 1.6 கிராம் வரை தசை கூடுவதற்கு உதவுகிறது, அதற்கு மேல் சாப்பிட்டு சராசரியாகப் பெரிய லாபம் இல்லை என்பது அதன் முடிவு. உணவைக் குறைக்கும் காலத்துக்கு 2016-ல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வு இன்னும் நெருக்கமானது. பருமனாக இருந்த 40 இளைஞர்களுக்கு நாலு வாரம் தேவையைவிட 40 சதவீதம் குறைவான கலோரி, கூடவே கடுமையான பயிற்சி. பாதிப் பேருக்குக் கிலோவுக்கு 1.2 கிராம் புரதம், மீதிப் பேருக்கு 2.4. குறைவாகச் சாப்பிட்டவர்களுக்குக் கொழுப்பு 3.5 கிலோ குறைந்தது, தசை கிட்டத்தட்ட அப்படியே நின்றது. அதிகமாகச் சாப்பிட்டவர்களுக்கு 4.8 கிலோ கொழுப்பு போய், கொழுப்பில்லாத எடை 1.2 கிலோ கூடியது. அவர்கள் வயதும் வேறு, பயிற்சியும் வேறு. எனக்கு 41 வயது, வாரம் மூன்று நாள்தான் ஜிம். ஆகவே 2.4-க்குப் போகாமல் 1.6-லேயே நின்றேன்.

எந்த எடையால் பெருக்குவது என்பது அடுத்த கேள்வி. கொழுப்புத் திசுவுக்குப் புரதத் தேவை குறைவு. 110 கிலோ இருக்கிற ஒருவர் 110-ஆல் பெருக்கினால் தேவையில்லாமல் பெரிய எண் வரும். நான் போய்ச் சேர நினைத்த எடை 72 கிலோ. 72-ஐ 1.6-ஆல் பெருக்கி, நாளைக்கு 115 கிராம் என்று சமையலறைக் காலண்டரில் எழுதி ஒட்டினேன். மொத்தக் கலோரி 1,800.

ஆரம்பிக்கும் முன் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டேன். இதை யாரும் தள்ளிப்போடக் கூடாது. சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று காட்டும் கிரியேட்டினின் எனக்கு 0.9, சர்க்கரை இயல்பு. டாக்டர் தாராளமாகச் செய்யச் சொன்னார். என் மனைவியின் அண்ணன் என் நோட்டைப் பார்த்துவிட்டு, "மாப்ள, நானும் நாளையிலிருந்து ஆரம்பிச்சுடறேன்" என்றார். அவருக்குச் சர்க்கரையால் சிறுநீரகம் பாதிக்கப்பட்டு மூன்று வருஷம் ஆகிறது. "மச்சான், இது உங்களுக்கு இல்லீங்க. உங்க டாக்டர் சொன்ன அளவுதான் உங்களுக்கு மருந்து" என்று கையைப் பிடித்துச் சொன்னேன். டயாலிசிஸ் வரைக்கும் போகாத சிறுநீரக நோயாளிகளுக்குப் புரதத்தைக் குறைக்கத்தான் சொல்வார்கள். ஆரோக்கியமான சிறுநீரகத்துக்கு ஒத்துக்கொள்ளும் அளவு, பழுதான சிறுநீரகத்துக்குச் சுமை.

இனி நடைமுறைக்கு வருகிறேன். 1,800 கலோரிக்குள் 115 கிராம் புரதத்தை அடக்க வேண்டும். அதற்காக, 10 கிராம் புரதம் கிடைக்க எத்தனை கலோரி செலவாகிறது என்று ஒவ்வொரு பொருளுக்கும் கணக்கெடுத்தேன். நான் புரதம் என்று நம்பியிருந்த நிலக்கடலைக்கு 225 கலோரி ஆகிறது. அதில் பாதி எடை எண்ணெய்தான். நல்ல சாப்பாடுதான், ஆனால் எடை குறைக்கிறவன் அதைப் புரதக் கணக்கில் வைக்கக் கூடாது. துவரம்பருப்புக்குச் சுமார் 155, பனீருக்கு 160, பொட்டுக்கடலைக்கு 170, தயிருக்கு 190 அளவில். முழு முட்டைக்கு 120. மீல் மேக்கருக்கு 65 தான். தோல் நீக்கிய கோழி நெஞ்சுக்கறிக்கும், அணையிலிருந்து வரும் ஜிலேபி மீனுக்கும் 50. அரிசிச் சோற்றுக்கு 460-க்கு மேல் போகிறது.

இந்த ஒரு கணக்கு எங்கள் சமையலையே மாற்றியது. பருப்பு வகைகளோடு, 50-லிருந்து 65 கலோரிக்குள் வரும் ஒரு பொருளாவது தினமும் தட்டில் இருந்தால்தான் 115 எட்டுகிறது. வெறும் பருப்பிலேயே எட்டப் பார்த்தால் அதற்கே 1,780 கலோரி போய்விடும், காய்க்கும் எண்ணெய்க்கும் இடமே இருக்காது.

காலைக்குப் பச்சைப்பயறு தோசை. 50 கிராம் பயறும் 15 கிராம் பச்சரிசியும் இரவே ஊறப்போட்டு, காலையில் இஞ்சி, பச்சைமிளகாய், சீரகத்தோடு கொரகொரப்பாக அரைத்தால் எனக்கு இரண்டு தோசை வரும். புரதம் 13 கிராம். கூட இரண்டு முட்டை, 12 கிராம். அரிசியைக் கொஞ்சமாவது சேர்ப்பதற்குக் காரணம் இருக்கிறது. பயறில் மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் குறைவு, அரிசியில் லைசின் குறைவு. சேர்த்தால் ஒன்றின் குறையை மற்றது நிரப்புகிறது. இட்லியும் பொங்கலும் அடையும் அந்தக் கூட்டணிதான். விகிதத்தை மட்டும் நான் பயறு பக்கம் சாய்த்துக்கொண்டேன். முட்டையில் மஞ்சள் கருவை எடுத்துப் போடும் பழக்கம் ஜிம் பையன்களிடம் நிறைய உண்டு. முழு முட்டையின் 6 கிராம் புரதத்தில் கிட்டத்தட்ட 2.7 கிராம் மஞ்சள் கருவில்தான் இருக்கிறது. அதைக் குப்பையில் போட எனக்கு மனசு வரவில்லை.

மத்தியானம் 60 கிராம் அரிசி வடித்த சோறு, 40 கிராம் பருப்பில் கெட்டியாகக் கடைந்தது. எங்கள் கொங்குப் பக்கத்துப் பருப்புக் கடைசல் இதற்கென்றே பிறந்தது போல இருக்கிறது: தண்ணீர் குறைவு, பருப்பு நிறைய. ஒருநாள் துவரை, ஒருநாள் கொள்ளு, ஒருநாள் பச்சைப்பயறு. கூட மீல் மேக்கர் பொரியல் 30 கிராம், தயிர் 150 கிராம். எல்லாம் சேர்ந்து 34. சாயங்காலம் 40 கிராம் கொண்டைக்கடலைச் சுண்டலும் டீயும் 11. இரவு 150 கிராம் கோழி அல்லது மீன், ஒரு சப்பாத்தி, தட்டு நிறைய காய். 37 கிராம் வரும். காலை டீயையும் காய்களையும் சேர்த்தால் 115-ஐத் தொட்டுவிடும்.

எழுதும்போது சுலபமாக இருக்கிறது. முதல் இரண்டு வாரம் தப்பாகவே செய்தேன். மீல் மேக்கர் பாக்கெட்டில் 100 கிராமுக்கு 52 கிராம் புரதம் என்று போட்டிருந்தது. நான் சுடுதண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்த பிறகு 100 கிராம் எடைபோட்டு, 52 என்று நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். கண்டுபிடித்தது என் மனைவி. "ஏனுங்க, தினமும் நூறு கிராம்னு எழுதியிருக்கீங்க. இருநூறு கிராம் பாக்கெட்டு ரெண்டு நாள்ல தீரணுமில்ல? ஆறு நாளா வருதே?" உடனே உலர்ந்த உருண்டை 50 கிராம் எடுத்து ஊறப்போட்டு, பிழிந்து திரும்ப எடைபோட்டோம். 150 கிராம் காட்டியது. அப்படியானால் நான் சாப்பிட்டது நாளைக்கு 33 கிராம், புரதம் 17. பதினான்கு நாள், தினமும் 35 கிராம் குறைவாகச் சாப்பிட்டுவிட்டு நிறைய சாப்பிட்டதாக எழுதியிருக்கிறேன்.

கோழி இதற்கு நேர் எதிர். 200 கிராம் பச்சைக்கறி வெந்தபின் 145 கிராம்தான் இருக்கும், தண்ணீர் போய்விடுகிறது, புரதம் அப்படியே நிற்கிறது. பச்சைக்கறிக்கு 100 கிராமில் 23, வெந்த கறிக்கு 31. எது எந்த நிலையின் கணக்கு என்று தெரியாமல் எடைபோட்டால் எப்படியும் தப்பு வரும். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சட்டம்: ஊறப்போடுவதற்கும் அடுப்பில் ஏறுவதற்கும் முன்புதான் எடை.

மூன்றாவது வாரம் மலச்சிக்கல் வந்தது. புரதத்தைக் கூட்டும் ஆர்வத்தில் காயைக் குறைத்திருந்தேன், தண்ணீரும் போதவில்லை. இரவில் கீரையோ சுரைக்காயோ புடலையோ 200 கிராமுக்குக் குறையாமல் சேர்த்ததும் நாலு நாளில் சரியாயிற்று. பயறு, கொண்டைக்கடலையால் வந்த வாயுவுக்கு, எட்டு மணி நேரம் ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவைப்பதும், அளவை மெதுவாக ஏற்றுவதும் போதுமாக இருந்தது.

ஐந்தாவது வாரம் புரட்டாசி பிறந்தது. எங்கள் வீட்டில் அந்த மாதம் முழுக்கக் கறி, மீன், முட்டை மூன்றும் கிடையாது. அம்மா, "ஒரு மாசம் உன் கணக்கெல்லாம் ஒதுக்கி வை கண்ணு" என்றார். விரதத்தையும் விட வேண்டாம், கணக்கையும் விட வேண்டாம் என்று முடிவு செய்தேன். காலையில் முட்டைக்குப் பதிலாகக் கட்டித் தயிர். அரை கிலோ தயிரைப் பழைய வேட்டித் துணியில் கட்டி நாலு மணி நேரம் தொங்கவிட்டால் 200 கிராம் அளவுக்குச் சுண்டும். கொஞ்சம் புரதம் தண்ணீரோடு போனாலும் 14 கிராம் நிற்கிறது. இரவில் மீல் மேக்கர் 40 கிராம், அல்லது ஆவின் நீல பாக்கெட்டில் திரித்த பனீர். பச்சை பாக்கெட்டில் கொழுப்பு 4.5 சதவீதம், நீலத்தில் 3. பனீரில் அந்த வித்தியாசம் நன்றாகவே தெரிகிறது. வடித்த தண்ணீரிலும் பாலின் புரதத்தில் ஒரு பங்கு இருப்பதால் அதைச் சப்பாத்தி மாவு பிசைய வைத்துக்கொண்டோம். மாவும் மெத்தென்று வந்தது.

அப்படியும் 10 கிராமுக்கு மேல் குறைந்தது. அந்த மாதம்தான் வே புரோட்டீன் பொடி வாங்கினேன். 30 கிராம் கரண்டியில் 24 கிராம் புரதம், அதாவது 80 சதவீதம். பாலில் வரும் புரதம்தான், விரதத்துக்கு இடைஞ்சல் இல்லை. வாங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். உணவில் உள்ள புரதத்தைப் பெரும்பாலும் நேரடியாக அளப்பதில்லை. நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்குகிறார்கள். கிளைசின் போன்ற மலிவான அமினோ அமிலத்தைக் கலந்தாலும் நைட்ரஜன் கூடும், டப்பாவில் எண் பெரிதாகத் தெரியும். ஆகவே சேர்மானப் பட்டியலில் கிளைசின், டாரின் மாதிரி பெயர்கள் தனியாக இருந்தால் நான் எடுப்பதில்லை. பாலில் கலக்கும் மால்ட் பானங்களில் பல, புரதத்தைவிடச் சர்க்கரையை அதிகம் கொண்டவை; பின்பக்க அட்டவணையில் 100 கிராமுக்கு என்ற வரிசையைப் படித்தாலே தெரிந்துவிடும். புரட்டாசி முடிந்ததும் பொடியை நிறுத்திவிட்டேன். சாப்பாட்டிலேயே எட்டுகிறவருக்கு அந்தச் செலவு அவசியமில்லை.

இன்னொரு மாற்றமும் அப்போதுதான் செய்தேன். அதுவரை பெரும்பாலான புரதம் மத்தியானத்திலும் இரவிலும்தான் விழுந்துகொண்டிருந்தது. நாளின் மொத்த அளவுதான் முக்கியம் என்றாலும், ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 0.4 கிராம், எனக்கு 30 கிராம் அளவில், மூன்று நாலு வேளைக்குப் பிரித்துச் சாப்பிடுவது தசைக்கு நல்லது என்கிறார்கள். தசை எவ்வளவு கூடியது என்று அளக்க என்னிடம் வழியில்லை. ஆனால் காலையில் 25 கிராம் சாப்பிட்ட நாட்களில் பதினொரு மணி வடைப் பசி வரவே இல்லை. ராகிக் கஞ்சி நாட்களில் அது தவறாமல் வரும். டயட் நின்றுபோகாமல் ஓடியதற்குப் பெரிய காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

பயிற்சியில் புதிதாக ஒன்றும் சேர்க்கவில்லை. திங்கள், புதன், வெள்ளி ஸ்குவாட், பெஞ்ச் பிரஸ், ரோயிங், டெட்லிஃப்ட். மற்ற நாளில் காளிங்கராயன் வாய்க்கால் கரையில் நாற்பது நிமிஷ நடை. எடை மட்டும் தினமும் காலையில் பார்த்து, வாரச் சராசரி எழுதினேன். தொடக்கத்தில் 78, நாலாவது வாரம் 76.5, ஒன்பதாவது வாரம் 74.8. தீபாவளி வாரத்தில் 800 கிராம் ஏறி, அடுத்த வாரமே இறங்கியது. 14-வது வாரம் 73.2. முதல் முறையைவிட மெதுவாகத்தான் இறங்கியது. ஆனால் இடுப்பு 96-லிருந்து 87-க்கு வந்துவிட்டது. டெட்லிஃப்ட் ஆறாவது வாரத்தில் பழைய 80-ஐத் தொட்டு, முடிவில் 90 கிலோவை ஐந்து முறை தூக்கினேன். ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் 1.0, யூரியா 26-லிருந்து 36, இரண்டும் இயல்புக்குள். புரதம் கூடும்போது யூரியா கொஞ்சம் ஏறுவது எதிர்பார்க்கிறதுதான் என்றார் டாக்டர்.

இப்போது கலோரியை 2,200-க்கு ஏற்றியிருக்கிறேன். சோறு 100 கிராம் அரிசிக்குத் திரும்பியாயிற்று, புரதம் 110-லேயே நிற்கிறது.

நோட்டு கையில் இருந்ததால், போன மாதம் அம்மாவின் தட்டையும் ஒருநாள் எடைபோட்டேன். 68 வயது, 52 கிலோ. காலையில் இரண்டு இட்லி, மத்தியானம் ரசம் சோறு, இரவில் கஞ்சி. 28 கிராம் வந்தது. வயதானவர்களுக்குத் தசை தானாகவே கரைவதால் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வேண்டும் என்கிறார்கள், அம்மாவுக்கு 52-க்குக் குறையக் கூடாது. படியேறும்போது ஏன் கைப்பிடியைப் பிடிக்கிறார் என்று நான் அதுவரை யோசித்ததே இல்லை. இப்போது காலையில் ஒரு முட்டை, மத்தியானம் ரசத்துக்கு முன் ஒரு கரண்டி கடைந்த பருப்பு, இரவுக் கஞ்சியோடு ஒரு டம்ளர் பால். 45 வரைக்கும் வந்திருக்கிறது. வீட்டிலேயே நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சி, காலையில் பத்து, மாலையில் பத்து.

நேற்று சாம்பாருக்குப் பருப்பை அம்மாவே தராசில் கொட்டினார். 120-ல் நிறுத்தவில்லை. 220 காட்டியதும் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு, "போதுமா கண்ணு?" என்றார். இந்தக் குண்டாவில் ஒரு கரண்டிக்கு 2.7 கிராம்.